திருநீறு போட்டுத் தேய்த்த ரூபாய்

போன மாதம் நம் காசு வியாபாரிகள் கூட்டத்தில் உங்களில் ஒருவர் ஒரு கதை சொன்னார். ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வெள்ளிக்காசுகளை எலுமிச்சம்பழம் போட்டு விளக்கிப் பளபளவென்று கொண்டுவந்தாராம். "பாத்திரம் விளக்குற மாதிரி விளக்கிட்டு வந்து, கிரேடிங்குக்கு அனுப்புங்கன்னு நிக்கிறாரு சார்" என்று அவர் சொன்னதும் நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் எழுந்து போய்விட்டேன். கிழவனுக்கு என்ன கோபம் என்று அதற்கும் சிரித்திருப்பீர்கள். கோபம்தான். ஏன் கோபம் என்று இப்போது எழுதுகிறேன். ஒழுங்காக உட்கார்ந்து படியுங்கள்.

தொழிலுக்கு நேற்று வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கிரேடிங் என்றால் என்ன? பழைய காசைக் கம்பெனிக்கு அனுப்பினால் அவர்கள் பார்த்து, அசலா போலியா என்று சொல்லி, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் டப்பியில் அடைத்துத் தருவார்கள். நல்ல மார்க் வந்தால் காசின் விலை பல மடங்கு ஏறும். தேய்த்த காசாக இருந்தால் மார்க்கே கிடையாது. "சுத்தம் செய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதி அடைத்துவிடுவார்கள். அந்த வரி வந்த காசைச் சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் எந்தக் காசை அனுப்புவது, எதை அனுப்பாமல் விடுவது என்று முடிவு செய்வதுதான் நம் வேலையில் பெரிய பகுதி. நீங்கள் அந்த முடிவை எப்படி எடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். காசின் முகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து, "சார், எத்தனை பாயிண்ட் வரும்?" என்று எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறீர்கள். காசை ஓரத்தில் பிடிக்க வேண்டும் என்பது கூடத் தெரியாதவனுக்கு பாயிண்ட் ஒரு கேடா?

லென்ஸ் பிடிக்க ஆறு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். அதில் ஒரு வித்தையும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை இருந்தது உங்களுக்குத் தெரியும். அதே சந்தில் நாலு கடை தள்ளி இன்னொரு காசுக்கடை. கடையை மூடுவதற்கு மூன்று வருடம் முன்னால், ஒரு பங்குனி மாதத்து நண்பகலில், குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து மல்லிகா என்றொரு அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு சின்னப் பித்தளைச் சிமிழ். அதற்குள் காய்ந்துபோன மஞ்சள் துண்டு ஒன்றும் ஒரு ரூபாயும்.

"வூடு ரொம்ப இத்துப்போச்சு சார். இடிச்சுட்டு கவர்மெண்ட் வூடு கட்டுறோம். வாசக்காலப் பேத்து எடுக்கும்போது அதுக்கு அடியில இருந்துச்சு. கொத்தனாரு எடுத்துக் குடுத்தாரு" என்றார்.

நிலை வைக்கும்போது அடியில் காசு போடுவது நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நாங்கள் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். எங்கள் வீட்டிலும் ஜெபம் பண்ணிவிட்டுப் போடுவோம். ஆனால் போடுகிறவர்கள் பெரும்பாலும் கைக்குக் கிடைத்த தேய்ந்த காசைத்தான் போடுவார்கள். இந்த வீட்டை அன்றைக்குக் கட்டியவர் புத்தம் புதிய காசைப் போட்டிருந்தார். எட்வர்டு ராஜாவின் ரூபாய். தலையில் கிரீடம் இருக்காது என்பதால் மொட்டைத்தலை ராஜா என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அது. நூறு வருடத்துக்கு மேல் யார் கையும் படாமல் சிமிழுக்குள் இருந்திருக்கிறது. மேலே கறுப்பு ஏறி, ஓரத்தில் நீலமும் ஊதாவுமாக ஓடியிருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தேன். அந்தக் கறுப்புக்கு அடியில் பளபளப்பு ராஜாவின் முகத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் போனது. தாடியில் ஒரு மயிர்கூடத் தேயவில்லை.

நாற்பது வருடத்தில் அப்படி ஒரு எட்வர்டு ரூபாயை நான் தொட்டதில்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாடிக்கையாளர் முன்னால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வதுதான் இந்தச் சந்தில் முதல் பாடம்.

"யூட்யூப்ல இதெல்லாம் லட்சக்கணக்குல போவுதுன்னு சொல்றாங்களாம் சார். எங்க வூட்டுக்காரரு நம்பல. வெள்ளி வெலைக்குப் போட்டுட்டு வான்னாரு."

"அவசரமாம்மா?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். பதினெட்டு வருடமாகக் குத்தகைக்கு அவரும் கணவரும்தான் சாகுபடி செய்கிறார்கள். நிலத்துக்காரர் இறந்துவிட்டார். பிள்ளைகள் சிங்கப்பூரில். விற்கப் போகிறார்கள்.

"எங்களத்தான் சார் மொதல்ல கேட்டாங்க. நீங்களே பாத்த நெலம், நீங்களே வாங்கிக்கங்கன்னு. நல்ல புள்ளைங்க. ஆனா மேட்டூர் தொறந்து நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வர்றதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துடணும். இல்லாட்டி பிளாட் போடுற ஆளு ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான். நகைய வச்சாச்சு. மாட்ட வித்தாச்சு. கடைசியா கொஞ்சந்தான் கொறையுது."

குறைகிற தொகையைச் சொன்னார். சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளர் அந்தக் காசை அப்படியே, டப்பி இல்லாமல், மார்க் இல்லாமல் வாங்கினால் அந்தத் தொகை வந்துவிடும். கிரேடிங் போய் நல்ல மார்க் வந்தால் அதைப்போல நாலு மடங்கு வரும். மனதுக்குள் நாளை எண்ணிப் பார்த்தேன். பதினைந்து நாளில் சென்னையில் கிரேடிங் கம்பெனிக்காரர்கள் முகாம் போட்டுக் காசுகளை வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு மாதத்தில் முடிவு வரும். தண்ணீர் குடவாசல் வாய்க்காலுக்கு வர மூன்று மாதமாவது ஆகும். நேரம் இருக்கிறது. அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். காசைப் பொறுத்தவரை அந்த முடிவு சரி. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

நான் யோக்கியன் என்று அப்போது எனக்குள் ஒரு நினைப்பு வேறு. வெள்ளி விலைக்கே போட வந்த அம்மாளிடம் வெள்ளி விலை கொடுத்து அமுக்கியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. விற்றுக் கொடுத்தால் என் கமிஷன், மீதி அவருக்கு. இந்தச் சந்தில் வேறு எவன் இப்படிச் செய்வான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"மெட்ராஸ்ல இதப் பாக்குறவங்க இருக்காங்கம்மா. அனுப்பிப் பாப்போம். கொஞ்சம் கூடக் கெடச்சாலும் கெடைக்கும்" என்றேன்.

"கெடைக்குமா சார்?"

"பெரிய ஆளுங்க பாப்பாங்க. அவங்க சொல்றதுதான். இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது."

காசைச் சிமிழில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். விலை பேசி முடிக்காத காசு கடையில் ஒரு ராத்திரி தங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தங்கினால் நாளைக்கு "மாத்திட்டான்" என்று பேச்சு வரும். முகாமுக்கு முதல் நாள் காலையில் கொண்டுவந்து கொடுங்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் சிமிழைக் கைக்குட்டையில் முடிந்து, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்தார். கடையில் திருச்சியிலிருந்து வந்த இரண்டு சேகரிப்பாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாள் முகம் மலர்ந்திருந்தது. இந்தத் தடவை சிமிழ் இல்லை. புது மஞ்சள் துணி. அதைப் பிரித்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ராஜா பளபளவென்று, நேற்றுச் செய்த கொலுசு மாதிரி மின்னினார்.

லென்ஸை எடுக்கவே தேவையில்லை. அந்த நீலம் இல்லை, ஊதா இல்லை, சுழல்கிற அந்த ஒளி இல்லை. முகம் முழுக்கத் தேய்த்த கோடு, மயிரிழை மயிரிழையாக.

"என்னம்மா பண்ணுனீங்க?"

"பெரிய ஆளுங்க கைக்குப் போவுதுன்னீங்களே சார். அழுக்கோட அனுப்புனா நல்லாவா இருக்கும்? புளியில ஊறப் போட்டு, திருநீறு வச்சு ரெண்டு நாளு தேச்சேன். பூஜ வெளக்குக்குக்கூட இப்படித் தேச்சதில்ல."

நான் கத்தினேன். என் கடையில் அதற்கு முன்னால் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. "யாரு உங்கள இதத் தொடச் சொன்னது? அறிவு இருக்கா? வெள்ளிக் கிண்ணமா இது, வெளக்குறதுக்கு? போச்சு, எல்லாம் போச்சு" என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். திருச்சிக்காரர்களில் ஒருவர் அந்தக் காசை எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிச் சிரித்தார். ஆம், சிரித்தார். நீங்கள் சிரித்த அதே சிரிப்பு.

மல்லிகா அழவில்லை. "வேணாம்னு யாரும் சொல்லலையே சார்" என்றார்.

நான் காதில் வாங்காத மாதிரி போனை எடுத்தேன். சென்னை சேகரிப்பாளரிடம் பேசினேன். தேய்த்தது என்று சொன்னதும், தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். முகாமுக்குக் காசுகளை எடுத்துப் போகும் நண்பரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார்.

"இதுக்குப் போயி ஏன் சார் பதறுறீங்க? அவிச்ச முட்டைய உரிச்சு ஒரு டப்பாவுல போடுங்க. கூடக் காசப் போட்டு இறுக்கி மூடுங்க. நாலு நாள்ல கறுத்துடும். அந்தச் சேகரிக்கிறவருகிட்டயே வேற ஆள் மூலமா குடுத்துரலாம். கண்டுபிடிக்க மாட்டாரு."

செய்வதா, வேண்டாமா? அம்மாள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். குறைகிற தொகை எனக்குத் தெரியும். முட்டை விலை எனக்குத் தெரியும். நாலே நாள். மனசு ஊசலாடியது. கடைசியில் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அது சரியான முடிவுதான். போலிக் கறுப்பை ஏற்றி விற்பவன் இந்தத் தொழிலில் இருக்கவே கூடாது. உங்களில் யாராவது முட்டை அவித்துக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஆனால் அதோடு நான் நிற்கவில்லையே. அந்த அம்மாளிடம் நேர்மையைப் பற்றி ஒரு பிரசங்கம் வேறு செய்தேன். நாங்கள் அப்படியெல்லாம் வியாபாரம் செய்ய மாட்டோம் அம்மா, எங்களுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது என்று. இதை எழுதும்போது என்னையே நாலு அறை அறைய வேண்டும்போல இருக்கிறது.

"என்ன கெடைக்குமோ அதக் குடுங்க சார்" என்றார். தேய்ந்துபோன எட்வர்டு ரூபாய்க்கு அன்றைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்தேன். பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்குப் போய் என் மனைவி தெரேசாவிடம் சொன்னேன். அவளும் கடையில் என்னோடு பல வருடம் உட்கார்ந்தவள். "நீங்க மொத நாளே சொல்லலையா?" என்று கேட்டாள்.

"மறந்துட்டேன்."

"சட்டை போட்ட மனுஷன் யாரு வந்தாலும், கழுவாதீங்க, தொடைக்காதீங்கன்னு மூணு தடவ சொல்லுவீங்க. இந்தம்மாகிட்ட மட்டும் மறந்துட்டீங்க" என்றாள். "அப்பக் கொறையுற பணத்த நீங்க குடுங்க. அதுதான் மொறை."

கொடுக்கவில்லை. தேய்த்தது அவர் கைதானே, நான் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினேன். தெரேசா ஒரு வாரம் வரை சாப்பாடு போடுவதோடு சரி.

இப்போது பாடம் என்று ஒன்றைக் கேட்பீர்கள். கேளுங்கள். வாசலில் ஒருவர் வெள்ளிக்காசோடு ஏறியதும், லென்ஸை எடுப்பதற்கு முன்னால், விலையைப் பேசுவதற்கு முன்னால், "இதத் தேய்க்காதீங்க, கழுவாதீங்க, துணியால்கூடத் துடைக்காதீங்க" என்று சொல்லுங்கள். நம் வீடுகளில் வெள்ளி என்றால் தேய்ப்பார்கள். மரியாதைக்குத் தேய்ப்பார்கள், பண்டிகைக்குத் தேய்ப்பார்கள். எங்கள் வீட்டிலேயே கிறிஸ்துமஸுக்கு முன்னால் மெழுகுவத்தித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்ப்போம். அவர்கள் அறிவில்லாமல் தேய்ப்பதில்லை. அழுக்கோடு ஒரு பொருளைப் பெரியவர்கள் கையில் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள். கறுப்புத்தான் விலை என்று இந்த உலகத்தில் நம்மைத் தவிர வேறு எவனுக்குத் தெரியும்? தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பது என்ன லட்சணம்?

அந்த வருடம் புரட்டாசியில் ஒரு துக்கத்துக்காகக் குடவாசல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது சாலையோரம் சம்பா நடவு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் மல்லிகா. காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு வரப்பில் ஏறி வந்தார். முழங்கால் வரை சேறு.

"வாங்க சார். எங்க இந்தப் பக்கம்?"

"இதுதான் உங்க நெலமாம்மா?" என்று கேட்டேன். கேட்கும்போதே, அப்படி இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இது வேற ஒருத்தவங்களுது சார். கூலிக்கு வந்துருக்கேன். நம்மளுது அந்தா." சாலைக்கு மறுபக்கம் கையைக் காட்டினார். செம்மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக நின்றன. வாய்க்காலில் இருந்து அந்தப் பக்கம் தண்ணீர் போகிற மடையை மண் போட்டு அடைத்திருந்தார்கள்.

என் பையில் பணம் இருந்தது. இரண்டு மாதமாக ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன், தெரேசாவுக்குத் தெரியாமல். எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கைகளைச் சேற்றோடு பின்னால் கட்டிக்கொண்டார்.

"இப்ப எதுக்கு சார் இது? நெலம் போயிருச்சே. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தேச்சா கெட்டுடும்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும்தானே?"

"தெரியும்மா."

"அப்ப அன்னைக்கே ஏன் சார் சொல்லல?"

நடவு வரிசையில் இருந்த பெண்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிகளா, தங்கைகளா, இதை நான் தெரேசாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்று அவர் சிமிழைக் கைக்குட்டையில் முடியும்போது, "தேய்க்காதீங்க" என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. நான்தான் விழுங்கினேன். தேய்க்காதே, தொடாதே, பத்திரம் என்று சொன்னால், இது சாதாரணக் காசு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் நாலு கடை தள்ளிப் போய் அங்கேயும் காட்டுவார். அவன் கூடுதலாகச் சொல்லுவான். நாற்பது வருடத்தில் ஒரு தடவை வந்த காசு என் கையை விட்டுப் போய்விடும். இவ்வளவுதான் கணக்கு. பதினைந்து நாள் அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கட்டும், முகாமுக்கு அனுப்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு வெள்ளிக்காசு கிரேடிங்குக்குத் தகுதியானதா என்று பார்க்கத் தெரிந்த கண் எனக்கு இருந்தது. அந்தக் காசு யாருக்கு எதற்கு வேண்டும் என்பதையும் என் காதால் கேட்டிருந்தேன். எல்லாம் தெரிந்துதான் வாயை மூடினேன்.

வரப்பில் நின்ற அம்மாளின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன பதில் இது:

"மறந்துட்டேம்மா."

மல்லிகா தலையை ஆட்டினார். "அதான பாத்தேன். வேணும்னே சொல்லாம இருந்துருப்பீங்கன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. நான்தான் இல்லன்னேன். மறதி யாருக்கு சார் இல்ல? நானும் ஒரு வார்த்த கேட்டுட்டுத் தேச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, வரப்பில் கிடந்த நாற்றுமுடியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்.